இனிஷியலில் தொடங்குங்கள்: துபாய்ப் பள்ளியில் வேலைக்குச் சேரும் ஆசிரியர்களுக்கு

டிகிரியில் என் பெயருக்கு முன்னால் ஒரே ஒரு எழுத்து, இனிஷியல். பாஸ்போர்ட்டில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப்பெயர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் அதே எழுத்து பெயருக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று எழுத்தில் காட்ட எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. இன்டர்வியூ முடிந்து வேலை உறுதியானதோ இரண்டே நாளில்.

அது 2017 தொடக்கம். கோவில்பட்டி பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஏழு வருடம் இயற்பியல் நடத்திவிட்டு, துபாய் அல் கிசைஸில் ஒரு சிபிஎஸ்இ பள்ளிக்குக் கிளம்பினேன். இன்றும் துபாயில்தான் இருக்கிறேன். ஊரில் இருந்து கூப்பிடும் டீச்சர்கள் முதலில் கேட்பது, "அக்கா, சம்பளம் எவ்வளவு கிடைக்கும்?" நான் திருப்பிக் கேட்பது, "உன் பி.எட் கான்வகேஷன் சர்டிஃபிகேட் கையில இருக்கா?" பலரிடம் இருக்காது. புரொவிஷனலை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக வேலை பார்த்திருப்பார்கள். பாடம் நடத்தத் தயாராக இருக்கிறோம், காகிதத்துக்குத் தயாராக இல்லை. துபாயில் காகிதம்தான் முதலில் வகுப்புக்குள் போகும், நாம் அதன் பின்னால்தான் போக முடியும்.

நான் எழுதுவது துபாயைப் பற்றி. அபுதாபி, தோஹா, மஸ்கட் என்று ஊர் மாறினால் அலுவலகமும் விதியும் மாறும்.

எந்தப் பள்ளி, எந்த மாதம்

ஊரில் எல்லாவற்றையும் 'இன்டர்நேஷனல் ஸ்கூல்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். துபாயில் எந்தப் பாடத்திட்டம் என்பதுதான் பேச்சு. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஏப்ரலில் வருடம் தொடங்கும். பிரிட்டிஷ், அமெரிக்கன், ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) பள்ளிகளில் ஆகஸ்ட் கடைசியில். அதனால் இந்தியப் பள்ளிக்கு டிசம்பரில் இருந்து பிப்ரவரிக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். மே மாதம் விண்ணப்பித்துவிட்டு பதில் வரவில்லையே என்று வருந்துகிறவர்கள் நிறைய. நடு வருடத்தில் யாராவது விலகினால் இடம் வரும், ஆனால் அதை ஏற்கெனவே துபாயில் கணவர் விசாவில் இருக்கும் டீச்சர்களுக்குத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். பள்ளிக்கு விசா செலவு, வீட்டுச் செலவு, டிக்கெட் செலவு எதுவும் இல்லை பாருங்கள்.

சம்பளத்தில் பிரிட்டிஷ் பள்ளிக்கும் இந்தியப் பள்ளிக்கும் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம்கூட இருக்கும். அதைப் பார்த்து முதலிலேயே பிரிட்டிஷ் பள்ளிக்குத்தான் போவேன் என்று காத்திருந்து இரண்டு வருடத்தை இழந்த தோழி எனக்கு இருக்கிறாள். நம் ஊர் பி.எட் மட்டும் கையில் இருந்தால், இந்தியப் பள்ளியில் சில வருடம் வேலை பார்த்து, இங்குள்ள முறையைப் பழகிவிட்டு மாறுவதுதான் நான் பார்த்த வரையில் நடக்கிற வழி.

பள்ளியைத் தேர்ந்தெடுக்க ஒரு நல்ல வசதி இருக்கிறது. துபாய்த் தனியார் பள்ளிகளைக் கண்காணிப்பது கேஎச்டிஏ என்கிற அரசு அமைப்பு. அவர்களுடைய ஆய்வு அறிக்கைகள் இணையதளத்தில் யாருக்கும் திறந்தே கிடக்கும். அவுட்ஸ்டாண்டிங், வெரி குட், குட், அக்செப்டபிள், வீக், வெரி வீக் என்று ஆறு தரம். எல்லாரும் அந்தத் தரத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் அறிக்கையின் ஆரம்பத்தில் உள்ள தகவல் கட்டத்தைப் பாருங்கள். எத்தனை ஆசிரியர்கள், ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள், ஆசிரியர்கள் வருடத்துக்கு எத்தனை சதவீதம் விலகிப் போகிறார்கள் என்று இருக்கும். அந்தக் கடைசி எண்தான் நமக்கு முக்கியம். நூறு ஆசிரியர்களில் முப்பது பேர் ஒரே வருடத்தில் போகிறார்கள் என்றால், அங்கே ஸ்டாஃப் ரூமில் என்ன நடக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

காகிதம்

ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகள் இப்போது வேலை பார்க்கும் பள்ளியின் பீரோவில் இருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள். என் பழைய பள்ளியில் சேரும்போதே டிகிரியும் பி.எட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். திருப்பிக் கேட்டபோது "வருஷம் முடியட்டும் டீச்சர்" என்றார்கள். அட்டெஸ்டேஷனுக்கு, அதாவது சான்றிதழ் உண்மையானது என்று அரசு முத்திரை வாங்குவதற்கு, ஒரிஜினல்தான் வேண்டும், நகல் செல்லாது. நான் பேங்க் லோனுக்கு வேண்டும் என்று சொல்லி வாங்கினேன். பொய் சொன்னதில் எனக்கு இன்றும் சங்கடம்தான். நம்முடைய சான்றிதழை நாம் கேட்பதற்கே பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதில் அதைவிட வருத்தம்.

அட்டெஸ்டேஷன் வரிசை இதுதான். தமிழ்நாட்டில் வாங்கிய டிகிரியும் பி.எட்டும் முதலில் மாநில அரசிடம் சான்றொப்பத்துக்குப் போகும். ஏஜென்ட்டுகள் இதை 'எச்ஆர்டி' என்பார்கள். அடுத்து மத்திய வெளியுறவு அமைச்சகம். அதற்கடுத்து இந்தியாவில் உள்ள ஐக்கிய அரபு அமீரகத் (யுஏஇ) தூதரகம். கடைசியில் அமீரகத்தின் வெளியுறவு அமைச்சகம், அதாவது 'மோஃபா'. இதில் ஒரு படியைத் தாண்டி அடுத்த படிக்குப் போக முடியாது. 'அப்போஸ்டில் (வெளியுறவு அமைச்சகம் போடும் ஒரே முத்திரை) போட்டால் போதும்' என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் யுஏஇக்கு அது போதாது என்று சொல்லித் திருப்பி வாங்குங்கள். ஓமனுக்குப் போகிறவர்கள் கதை வேறு.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். நமக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். அமீரகத்திலோ எல்லாப் படிவத்திலும் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் நம்மில் ஏராளம். 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருகிறவர்களை நிறுத்தத் தொடங்கியபோது எத்தனை பேர் ஏர்போர்ட் வரை வந்து திரும்பினார்கள். உங்கள் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் காலியாக இருந்தால், இன்டர்வியூவுக்கே முன்னால் மாற்றி எடுங்கள். அப்பா பெயரை முழுதாகக் கடைசிப் பெயராகப் போடுவதே சுலபம். சான்றிதழில் இனிஷியல் இருப்பதற்கு, இந்த எழுத்தும் இந்தப் பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி வையுங்கள். அப்பாவின் பெயரை ஒரு சான்றிதழில் 'th' வைத்தும் இன்னொன்றில் வெறும் 't' வைத்தும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அதையும் அதே பத்திரத்தில் சேர்த்துவிடுங்கள். எனக்கு ஐந்து வாரம் போனது அந்த இனிஷியல் எழுத்தால்தான்.

இவற்றோடு, படித்தது ரெகுலரா, அஞ்சல் வழியா என்று பல்கலைக்கழகக் கடிதம் கேட்பார்கள். பணி அனுபவச் சான்றில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, எந்த வகுப்புக்கு எந்தப் பாடம் என்று தெளிவாக இருக்க வேண்டும். போலீஸ் கிளியரன்ஸ் பாஸ்போர்ட் சேவா மூலம் எடுக்கலாம். அங்கே போனதும் ரத்தப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள், அதில் தேறினால்தான் விசா. அதனால் ஊரிலேயே ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு வேலையை விடுங்கள். சிறு வயதில் காசநோய் வந்து குணமானவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும்.

ஆஃபர் லெட்டரை எப்படிப் படிப்பது

எனக்குச் சொன்ன சம்பளம் 4,500 திர்ஹம். அப்போதைய கணக்குக்கு ஊர்ப் பணத்தில் எண்பதாயிரத்தைத் தொட்டது. மெட்ரிக் பள்ளியில் பதினோராயிரம் வாங்கியவளுக்குத் தலை சுற்றியது. லெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஆனால் படிக்கவில்லை. அதில் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 2,000 என்றும் மீதி 2,500 அலவன்ஸ் என்றும் பிரித்திருந்தார்கள். மொத்தம் அதேதானே என்று விட்டுவிட்டேன்.

விட்டிருக்கக் கூடாது. வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி பேசிக்கை வைத்துத்தான். முதல் ஐந்து வருடத்துக்கு, வருடம் ஒன்றுக்கு 21 நாள் பேசிக். ஐந்துக்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள். பேசிக் 2,000 என்றால் ஒரு நாளுக்கு சுமார் 67 திர்ஹம், வருடத்துக்கு 1,400, ஐந்து வருடத்துக்கு 7,000. அதே 4,500க்குள் பேசிக் 3,000 என்று இருந்திருந்தால் 10,500. கையில் வாங்கும் சம்பளம் ஒன்றுதான், ஐந்து வருட முடிவில் 3,500 திர்ஹம் குறைகிறது. பேசிக்கை ஏற்றித் தரும்படி கேட்கலாம். நயமாகக் கேட்டால் வேலை போய்விடாது. பள்ளி மாறும்போது நான் கேட்டேன், 400 ஏற்றிக் கொடுத்தார்கள்.

பேசிக்கைத் தவிர லெட்டரில் தேட வேண்டியவை: தங்குமிடம் பள்ளி தருகிறதா, அல்லது பணமா. பள்ளி தந்தால் ஒரு அறைக்கு எத்தனை பேர். ஊருக்கு டிக்கெட் வருடம் ஒன்றா, இரண்டு வருடத்துக்கு ஒன்றா. முதல் வருடம் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்குச் சம்பளம் உண்டா. பிள்ளைகளைக் கூட்டிவந்தால் ஃபீஸில் எவ்வளவு சலுகை. கடைசிக் கேள்வியைத் தாய்மார்கள் யாரும் தயங்காமல் கேளுங்கள், துபாயில் பள்ளிக் கட்டணம் சம்பளத்தை அப்படியே விழுங்கிவிடும். குடும்பத்தை ஸ்பான்சர் செய்ய மாதச் சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருக்க வேண்டும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முறையான ஆஃபர் லெட்டர் அமீரகத் தொழில் அமைச்சகத்தின் வடிவத்தில், அரபியும் ஆங்கிலமுமாக, ஒரு எண்ணோடு வரும். நாம் கையெழுத்திட்ட ஆஃபரும் பிறகு போடும் கான்ட்ராக்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது சட்டம். 2022 பிப்ரவரியில் வந்த புதிய தொழிலாளர் சட்டப்படி சோதனைக் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. ஆளெடுக்கும் செலவையும் விசா செலவையும் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டாலே பாதி ஏமாற்றில் இருந்து தப்பிக்கலாம். இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணமே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த ஏஜென்ட் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு லட்சம், மூன்று லட்சம் கேட்கிறவரிடம் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள்.

இன்னொன்று. 'விசிட் விசாவில் வாங்க, ஒரு மாசம் ட்ரையல் பாருங்க, அப்புறம் விசா மாத்திக்கலாம்' என்று ஒரு பள்ளி என் தோழியை அழைத்தது. பாவம், அவள் மூன்று வாரம் பாடம் நடத்தினாள், சம்பளம் வரவில்லை. அனுமதி இல்லாத வேலை என்பதால் புகார் கொடுக்கவும் பயந்தாள். விசிட் விசாவில் வேலை பார்ப்பது குற்றம். ஆள் வைத்த நிறுவனத்துக்கு 2024இல் இருந்து அபராதமே ஒரு லட்சம் திர்ஹமில் தொடங்குகிறது. வேலை தேட விசிட்டில் வரலாம், டெமோ கொடுக்கலாம். கையெழுத்துக்கு முன்னால் ஒரு பீரியட் கூட வேலையாக எடுக்காதீர்கள்.

பெட்டியில் எதை வைக்கக் கூடாது

கசகசா. அம்மா அரைத்துக் கொடுக்கும் மசாலாப் பொடியிலும் இருக்கலாம், கேட்டுவிட்டு எடுங்கள். யுஏஇயில் அது தடைசெய்யப்பட்ட பொருள். தூக்க மாத்திரை, சில வலி மாத்திரைகள், கோடீன் கலந்த இருமல் மருந்து எல்லாவற்றுக்கும் டாக்டர் சீட்டும் முன் அனுமதியும் வேண்டும். சந்தேகம் இருந்தால் எடுக்கவே வேண்டாம். மற்றபடி அரிசி, பருப்பு, கறிவேப்பிலை, கல் தோசைக்கல் வரை கராமா கடைகளிலும் லுலு சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். அந்தக் கிலோவுக்குப் பருத்திச் சேலையும் மூடிய செருப்பும் எடுத்து வையுங்கள், நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கும்.

முதல் வாரங்கள்

இறங்கியதும் பள்ளிக்காக அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ உங்களை மெடிக்கலுக்கும் எமிரேட்ஸ் ஐடி கைரேகைக்கும் அழைத்துப் போவார். 784 என்று தொடங்கும் அந்த எண்தான் இனி உங்கள் அடையாளம், பேங்க் கணக்கு முதல் மொபைல் சிம் வரை. இப்போது பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை, கார்டுதான் விசா.

விசா வேலை முடிந்ததும் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேளுங்கள். எங்கள் பள்ளி அலுவலகத்தில் 'சேஃப்டிக்காக நாங்களே வெச்சிருக்கோம் மேடம்' என்றார்கள். ஒரு வாரம் யோசித்தேன். பிறகு பக்கத்து அறை சேச்சி சொல்லிக் கொடுத்தபடி, பேங்க் வேலைக்கு வேண்டும், கையில் இருந்தால் எனக்கு நிம்மதி என்று எழுதியே கொடுத்தேன். மறுநாள் கொடுத்துவிட்டார்கள். தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அங்குள்ள சட்டம், அவர்களுக்கும் அது தெரியும்.

முதல் சம்பளம் வர ஒன்றரை மாதம்கூட ஆகலாம். கையில் 2,000 திர்ஹமாவது கொண்டுவாருங்கள். பள்ளி தங்குமிடம் தரவில்லை என்றால் முதலில் பெட் ஸ்பேஸ், அதாவது பகிர்ந்த அறையில் ஒரு கட்டில் மட்டும், எடுப்பதுதான் வழக்கம். பலகை அடித்துப் பிரித்த 'பார்ட்டிஷன்' அறைகளுக்கு நகராட்சி அனுமதி கிடையாது, சோதனை வந்தால் அன்றே காலி செய்யச் சொல்வார்கள். பெண்கள் மட்டும் இருக்கும் வீடாக, பள்ளிப் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். குடும்பம் வந்து தனி வீடு எடுக்கும்போது வாடகையைப் பெரும்பாலும் மாதாமாதம் கொடுக்க முடியாது. வருடத்துக்கு நான்கு செக், ஆறு செக் என்று முன்தேதியிட்டுக் கொடுக்க வேண்டும். ஏஜென்ட்டுக்கு வருட வாடகையில் 5 சதவீதம், டெபாசிட் 5 சதவீதம், மின்சாரம் தண்ணீருக்கு தேவா டெபாசிட் 2,000 திர்ஹம், வாடகை ஒப்பந்தத்தை அரசிடம் பதியும் இஜாரி, எல்லாம் சேர்ந்து முதல் மாதத்தில் பெரிய தொகை போகும். ஷார்ஜாவில் வாடகை குறைவுதான். அல் இத்திஹாத் ரோட்டில் காலை நெரிசலில் தினமும் உட்காரத் தயார் என்றால் எடுங்கள். நான் ஒரு வருடம் உட்கார்ந்தேன், அதிகாலை 4.30 மணி அலாரம் உடம்பை முறித்துவிட்டது.

வகுப்பு

முதல் நாள் ஒன்பதாம் வகுப்பு, கப்பி பற்றிப் பேச வேண்டும். ஏழு வருடமாகச் சொன்ன அதே உதாரணம் வாயில் வந்தது: கிணற்று ராட்டினம். இருபத்தெட்டு பிள்ளைகளும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு பெண் கை தூக்கி, "மேம், வாட் இஸ் தட்?" என்றாள். கிணற்றை நேரில் பார்த்தவர்கள் அந்த வகுப்பில் மூன்று பேர், அதுவும் லீவுக்குப் பாட்டி வீட்டுக்குப் போனபோது. ஜன்னலுக்கு வெளியே புதுக் கட்டடத்தின் மேல் கிரேன் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதைக் காட்டினேன். அன்றில் இருந்து என் உதாரணங்களை எல்லாம் மாற்றினேன். சார்பு வேகத்துக்கு மெட்ரோ. மிதப்புக்கு ஒரு திர்ஹம் கொடுத்து கிரீக் கழியைக் கடக்கும் அப்ரா படகு. ஆவியாதலுக்கு, ஏசி வகுப்பில் இருந்து வெளியே வந்ததும் மூக்குக் கண்ணாடியில் படரும் நீர்த்திரை, அதற்கு நேர் எதிரானது என்று. இந்தப் பிள்ளைகளுக்கு அம்மா அப்பா ஊர் லீவுக்குப் போகிற இடம், வீடு என்றால் நஹ்தாவும் கிசைஸும்தான். அதை ஏற்றுக்கொண்டு பேசும் டீச்சரிடம் அவர்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது மாதத்தில் என் முதல் அப்சர்வேஷன், அதாவது மேலதிகாரி வகுப்பில் உட்கார்ந்து நம் பாடத்தைக் கவனிப்பது. சூப்பர்வைசர் கடைசி வரிசையில் டேப்லெட்டோடு உட்கார்ந்தார். ஊரில் பெயர் வாங்கிய பாடம் அது, ஒளி விலகல், போர்டு முழுக்கப் படம் வரைந்து முப்பத்தைந்து நிமிடம் ஓடினேன். பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள். மணி அடித்ததும் அவர் மூன்று பிள்ளைகளிடம் போய் ஏதோ கேட்டார். பிறகு என்னிடம் வந்து, "டீச்சர், நீங்க நல்லா பண்ணீங்க. பிள்ளைகள் என்ன பண்ணாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

துபாய்ப் பள்ளிகளில் எல்லா ஆய்வும் இந்த ஒரு கேள்விக்குள் வந்துவிடும். அதன்பின் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஒரே கணக்கை மூன்று விதமாக எழுதிக்கொண்டு போவேன். முதலாவதில் படமும் பாதி விடையும் இருக்கும். இரண்டாவது சாதாரணக் கணக்கு. மூன்றாவதில் ஒரு தகவலை வேண்டுமென்றே விட்டிருப்பேன், பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். இதைத்தான் அங்கே டிஃபரென்ஷியேஷன் என்று நூறு முறை சொல்கிறார்கள். கடைசி ஐந்து நிமிடம் பேச மாட்டேன். தீப்பெட்டி அளவு சீட்டில் ஒரே கேள்வி, எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே போகலாம். அன்று இரவு அந்த இருபத்தெட்டு சீட்டைப் புரட்டினால் நாளைக்கு எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஆய்வுக்காகத் தொடங்கியதுதான். இப்போது எந்த ஊரில் பாடம் எடுத்தாலும் அந்தச் சீட்டு இல்லாமல் என்னால் முடியாது. கோவில்பட்டியில் அந்த ஏழு வருடமும் இதைச் செய்திருந்தால் எத்தனை பிள்ளைகளுக்கு இயற்பியல் மேல் பயம் போயிருக்கும் என்று அடிக்கடி நினைக்கிறேன்.

சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளை அங்கே 'பீப்பிள் ஆஃப் டிடர்மினேஷன்', மன உறுதி கொண்டவர்கள் என்பார்கள். அரசே 2017இல் அந்தப் பெயரை வைத்தது. அவர்களுக்குத் தனித் திட்டத் தாள் இருக்கும், அதைப் படிக்காமல் வகுப்புக்குள் போகாதீர்கள்.

இதை மனதில் ஆழமாகப் போட்டுக்கொள்ளுங்கள்: பிள்ளைமேல் கை படக் கூடாது. காது திருகுவது, தலையில் தட்டுவது, முட்டி போடச் சொல்வது, 'எருமை' என்று திட்டுவது, எதுவும் கூடாது. வதீமா சட்டம் என்று குழந்தைகள் உரிமைக்கான 2016ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. நம்மில் பலர் அடி வாங்கிப் படித்தவர்கள், கை தன்னை அறியாமல் எழும்பும். நல்ல டீச்சர் ஒருவர் ஒரே தட்டில் வேலையை இழந்து, அந்த வார இறுதியில் ஊருக்கு விமானம் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். சட்டத்துக்குப் பயந்து நிறுத்தினேன் என்றுதான் முதலில் சொல்ல வேண்டும். அடிக்காமலேயே வகுப்பு நடக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். பிள்ளைகளின் புகைப்படத்தை உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதும் கூடாது. அனுமதி இல்லாமல் யாரையும் படமெடுப்பதே அங்கே குற்றம்.

பஸ் டூட்டி பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. லீவு முடிந்த செப்டம்பரில் மதியம் இரண்டு மணிக்கு மேல் வெளியே நிற்க வேண்டும், பட்டியலை வைத்துப் பெயர் சொல்லி ஏற்ற வேண்டும். பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நானி அக்கா இருப்பார், அவரிடம் நல்ல உறவு வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. காலையில் எல்லாரும் இறங்கியபின் ஒவ்வொரு சீட்டாகப் பார்ப்பது அவர் வேலை, ஆனால் உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை சொல்லாமல் வரவில்லை என்றால் அட்டெண்டன்ஸை முதல் பீரியடிலேயே ஏற்றிவிடுங்கள். அந்த வெயிலில் பூட்டிய பஸ்ஸில் தூங்கிப்போன பிள்ளைக்கு உங்கள் அட்டெண்டன்ஸ்தான் காவல்.

2022 ஜனவரியில் இருந்து வார விடுமுறை சனி, ஞாயிறு. வெள்ளி அரை நாள். ரமலானில் பள்ளி நேரம் குறையும், நோன்பு இருக்கும் பிள்ளைகள் முன்னால் தண்ணீர் குடிக்காமல் ஸ்டாஃப் ரூமில் குடியுங்கள். வீட்டில் டியூஷன் எடுக்க ஆசை எல்லாருக்கும் வரும். 2023 டிசம்பரில் இருந்து அதற்குத் தனி அனுமதி தருகிறார்கள், கட்டணம் கிடையாது, இரண்டு வருடம் செல்லும். அதை எடுக்காமல் ஒரு பிள்ளைக்குக்கூட எடுக்காதீர்கள்.

பணம், ஊர்

துபாயில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. இந்தியாவில் கட்டாமல் இருக்க, அந்த நிதியாண்டில் ஊரில் 182 நாளுக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஊர் சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்ஓவாக மாற்றி, துபாயில் இருந்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ கணக்கு திறந்துகொள்ளுங்கள். சேர்ந்த மூன்றாம் மாதமே பேங்கில் இருந்து கிரெடிட் கார்டு, லோன் என்று கூப்பிடுவார்கள். தங்கைக்குக் கல்யாணம், வீட்டுக்குக் கூரை என்று நமக்கு ஆயிரம் தேவை. இருந்தாலும் முதல் வருடம் மறுத்துவிடுங்கள். கடன் இருந்தால் பிடிக்காத பள்ளியை விட முடியாது. ஜூலையில் டிக்கெட் விலை தீயாக இருக்கும், திருச்சி நேர் விமானத்துக்கு பிப்ரவரியிலேயே போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் காலில் அம்மாவிடம் பேச முடியாது, அங்கே அது தடை. போட்டிம் செயலியை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே அம்மா போனில் ஏற்றி, ஒருமுறை பேசிப் பழக்கிவிட்டு வாருங்கள்.

உடம்பு சரியில்லாமல் போனால் சோதனைக் காலம் முடிந்தபின் வருடத்துக்கு 90 நாள் வரை விடுப்பு உண்டு, முதல் 15 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 30 நாளுக்குப் பாதி. பிரசவ விடுப்பு 60 நாள், அதில் 45 நாளுக்கு முழுச் சம்பளம். பிரசவ விடுப்பு ஊரை ஒப்பிட்டால் மிகக் குறைவு. குழந்தை பெறத் திட்டமிடுகிறவர்கள் கோடை லீவோடு சேர்கிற மாதிரி பார்த்துக்கொள்வார்கள். இதை ஸ்டாஃப் ரூமில் வெளிப்படையாகவே பேசுவோம், கேட்க வெட்கப்பட வேண்டாம்.

பள்ளியை விட்டு வரும் நாள் வந்தால், நோட்டீஸ் காலத்தை முழுசாக முடியுங்கள். அனுபவச் சான்றிதழைக் கேஎச்டிஏவில் பதிவான பதவிப் பெயரோடு, முத்திரையோடு வாங்குங்கள். சம்பள பாக்கி, கிராஜுவிட்டி, லீவு பணம் எல்லாம் பதினான்கு நாளுக்குள் தர வேண்டும். விசா கேன்சல் படிவத்தில் "என் பாக்கி அனைத்தும் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி இருக்கும். பணம் பேங்கில் விழுந்ததைப் போனில் பார்த்துவிட்டு அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி முழுப்பெயராக.